வெதுவெதுப்பான நீர் நம் ஊர் ரொட்டிக்கு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மலரில் அண்மையில் வெளிவந்த வீட்டு ரொட்டிக்கான செய்முறையைக் குறித்துச் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன். முறுக்கு, அதிரசம், கேக் என்ற வழக்கமான வட்டத்தைத் தாண்டி, அன்றாடம் நாம் பசியாறும் சாண்ட்விச் ரொட்டிக்கும் ஒரு தமிழ் நாளிதழ் இடம் ஒதுக்கியதை மனதார வரவேற்கிறேன். ஆனால் அதில் சொல்லியிருந்தபடி 3 கப் மாவுக்கு ஒரு முழுப் பொட்டலம் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, பிசைந்த மாவைக் கதகதப்பான இடத்தில் 2 மணி நேரம் மூடிவைத்தால், சுங்கை சிப்புட்டில் மட்டுமல்ல, நம் மலேசியாவின் சமவெளியில் எந்த ஊரிலும் நல்ல ரொட்டி கிடைக்காது. அது குளிர்நாட்டுச் சமையலறைக்காகப் போடப்பட்ட கணக்கு. அதை அப்படியே தமிழில் பெயர்த்து வெளியிடுவதால் நம் பெண்களின் மாவும் உழைப்பும் வீணாகின்றன என்பதே என் வருத்தம்.

எங்கள் குடியிருப்பின் பொது மண்டபத்தில் சனிக்கிழமைகளில் ரொட்டி சுடுவதைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தில் பட்டணத்தில் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் அநேகமாக எல்லோரும் ஏற்கெனவே ஒருமுறையேனும் பத்திரிகையையோ காணொளியையோ பார்த்து ரொட்டி செய்து பார்த்து, அது சரிவராமல் கைவிட்டவர்கள். "எனக்கு ரொட்டிக்குக் கைராசி இல்லை டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவரும் உள்ளே வருகிறார்கள். என்ன ஆயிற்று என்று விசாரித்தால் எல்லோரும் ஒரே அடையாளங்களைத்தான் சொல்கிறார்கள்: மாவு பாத்திரத்தை நிறைத்துப் பொங்கியது, ஓவனில் வைத்த சற்று நேரத்தில் நடுவில் குழி விழுந்தது, இரு பக்கமும் உள்வாங்கிக்கொண்டது, மேல்தோலுக்குக் கீழே பெரிய ஓட்டை, வாயில் வைத்தால் கள்ளின் வாடை. இவை எல்லாம் சேர்ந்து வந்தால், மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது என்று பொருள். கைராசிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

காரணம் எளிது. ஈஸ்ட் ஓர் உயிர். மாவிலுள்ள சர்க்கரையை அது உண்டு வாயுவையும் சாராயத்தையும் வெளியிடுகிறது. பிசைந்த மாவின் வெப்பநிலை ஏறத்தாழ 26 பாகையாக இருந்தால் அது நிதானமாக வேலை செய்யும். மாவுக்கு மணமும் வலுவும் சேர அவகாசம் கிடைக்கும். இங்கிலாந்து போன்ற நாட்டில் சமையலறையும் மாவும் 18, 20 பாகை அளவில் குளிர்ந்து கிடப்பதால்தான் அந்நாட்டுச் செய்முறைகள் 40 பாகை அளவில் சூடான நீரை ஊற்றச் சொல்கின்றன. குளிர்ந்த மாவும் சூடான நீரும் சேர்ந்து 26ஐ நெருங்குகின்றன. நம் சமையலறையில் பகல் வேளையில் 30, 31 பாகை. மாவும் அதே சூட்டில்தான் இருக்கிறது. அதில் 40 பாகை நீரை ஊற்றிப் பிசைந்தால், கைச்சூடும் சேர்ந்து, மாவு 35 பாகையை எட்டிவிடுகிறது. அந்தச் சூட்டில், அதுவும் ஒரு முழுப் பொட்டலம் ஈஸ்ட்டோடு, 2 மணி நேரம் என்பது மிக அதிகம். முக்கால் மணி நேரத்துக்கு முன்பே மாவு இரட்டிப்பாகியிருக்கும். அதன் பிறகு பொங்கியதெல்லாம் மாவின் வலுவைக் குலைக்கும் வேலையே.

இவ்வுண்மை நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததும் அல்ல. இட்லிக்கு அரைத்து வைக்கும் எவரும் வெயில் கடுமையான நாட்களில் மாவை நேரத்தோடு ஐஸ்பெட்டிக்குள் எடுத்து வைத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் விடியும் முன் பாத்திரம் வழிந்து புளித்துவிடும் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த விஷயம். தோட்டத்தில் ஆப்பத்துக்குக் கள் ஊற்றி மாவு புளிக்க வைத்தவர்களும் நம் பாட்டிமார்தாம். அந்தக் கள்ளில் இருந்ததும், இன்று கடையில் பொட்டலமாக விற்பதும் ஒரே இனத்து ஈஸ்ட். இத்தனை அனுபவம் உள்ள கைகள் ரொட்டி என்றதும் ஏன் தயங்க வேண்டும்? அச்சிட்ட தாளில் 2 மணி நேரம் என்று இருப்பதால், தங்கள் கண்ணெதிரே மாவு பொங்கி நிற்பதைப் பார்த்தும் அந்தத் தாளுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அச்சுக்கு நம் மக்கள் கொடுக்கும் மரியாதை அது. அதனால்தான் அச்சிடுகிறவர்களுக்குப் பொறுப்பு கூடுகிறது என்று சொல்கிறேன்.

இரண்டாவது குறை, அளவைப் பற்றியது. கப் கணக்கில் மாவைச் சொல்வது ரொட்டிக்குச் சற்றும் பொருந்தாது. ஒரே கப்பில், கரண்டியால் தளர்வாக அள்ளிப் போட்டால் ஏறத்தாழ 120 கிராம் மாவு பிடிக்கும். பைக்குள் கப்பை விட்டு அழுத்தி எடுத்தால் 150 கிராம் வரை போகும். 3 கப் என்கிறபோது இந்த வேறுபாடு 90 கிராமாகிறது. நீரின் அளவோ மாறவில்லை. ஒருவருக்கு மாவு கல்லாக இறுகுவதும் இன்னொருவருக்குக் கூழாக ஓடுவதும் இதனால்தான். உப்புக்கு "தேவையான அளவு" என்று எழுதியிருந்தது இன்னும் சங்கடமானது. குழம்பில் உப்பு ருசிக்காக. ருசி பார்த்துச் சேர்க்கலாம். ரொட்டியில் அது ஈஸ்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, மாவின் பிசினை, அதாவது குளூட்டனை, இறுக்குகிறது. மாவின் எடையில் 100க்கு 2 பங்கு என்ற கணக்கில், 500 கிராம் மாவுக்கு 10 கிராம் போட வேண்டும். நம் சூட்டில் உப்பைக் குறைத்துவிட்டால் மாவைப் பிடித்து நிறுத்த வேறு வழியில்லை. முன்பு கட்டி என்ற பழைய எடைக் கணக்கில் நிறுத்து வாங்கிய நாம் கிலோவுக்கு மாறி வெகு காலமாகிறது. இன்று சமையலறைக்கான சிறிய மின்தராசு சாதாரண பாத்திரக் கடையிலேயே கிடைக்கிறது. கிராமில் எழுதுவதில் எந்தத் தடையும் இல்லை.

குறை சொல்வதோடு நிற்பது முறையாகாது என்பதால், எங்கள் மண்டபத்தில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறையை எழுதுகிறேன். ரொட்டி மாவு 500 கிராம், நீர் 310 மில்லி, சீனி 30 கிராம், பால்மாவு 20 கிராம், உப்பு 10 கிராம், உடனடி ஈஸ்ட் 5 கிராம், வெண்ணெய் 30 கிராம். கடையில் விற்கும் 11 கிராம் ஈஸ்ட் பொட்டலத்தில் இது பாதிக்கும் சற்றுக் குறைவு. மீதியைப் பொட்டலத்தின் வாயை இறுக மடித்து, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும், ஏனெனில் நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் அது சீக்கிரம் செத்துவிடும். இந்த உடனடி ஈஸ்ட்டை நீரில் கரைத்து நுரைக்க வைக்க வேண்டிய அவசியமே கிடையாது. நேரே மாவில் கலக்கலாம். பெரிய மணிகளாக இருக்கும் பழைய வகை உலர் ஈஸ்ட்டுக்குத்தான் வெதுவெதுப்பான நீர் தேவைப்பட்டது. அந்த அறிவுரை ஈஸ்ட் மாறிய பின்னும் செய்முறைகளில் தங்கிவிட்டது.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்காடித் தட்டில் மூன்று வகை மாவு அடுத்தடுத்து நிற்கின்றன. பொது உபயோக மாவில் 100 கிராமுக்குப் புரதம் ஏறத்தாழ 9 முதல் 11 கிராம். ரொட்டி மாவில் 12க்கு மேல். பையின் பின்பக்க அட்டவணையைப் பார்த்தால் தெரியும். புரதம் கூடினால் பிசின் கூடும், ரொட்டி உயர்ந்து நிற்கும். ரொட்டி மாவு கிடைக்காவிட்டால் பொது உபயோக மாவிலும் செய்யலாம். நீரில் 20 மில்லியைக் குறைத்துக்கொண்டால் போதும், ரொட்டி சற்று உதிரும் தன்மையோடு வரும். தானே உப்பும் மாவு மட்டும் கூடவே கூடாது. அதில் பேக்கிங் பவுடர் கலந்திருக்கிறது. அது கேக்குக்கு உரியது.

இனி நீர். பாதி ஐஸ்பெட்டியில் குளிர்ந்த நீர், பாதி குழாய் நீர் என்று கலந்து கொண்டால் ஏறத்தாழ 16 பாகை வரும். 31 பாகை மாவோடு அதைக் கையால் பிசைந்து முடிக்கும்போது வேண்டிய 26, 27 பாகையில் வந்து நிற்கும். பிற்பகலில் கூரைத் தொட்டியிலிருந்து வரும் நீர் சுடும் என்பதால் அந்நேரத்தில் குளிர்நீரின் பங்கைக் கூட்ட வேண்டும். இயந்திரத்தில் பிசைகிறவர்கள் முழுவதும் குளிர்நீரையே ஊற்றலாம், ஏனெனில் இயந்திரம் கையைவிட அதிகம் சூடேற்றும். வெண்ணெயைத் தவிர எல்லாவற்றையும் கலந்து, நீரில் இரண்டு மேசைக்கரண்டியைக் கடைசிக்கு நிறுத்திவைத்து, மாவு திரண்டதும் பிசையத் தொடங்க வேண்டும். முதல் 5 நிமிடம் அது கையெல்லாம் ஒட்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் பயந்துபோய் மேலும் மாவைத் தூவுகிறார்கள், தூவக் கூடாது. உள்ளங்கையால் முன்னே தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி மறுபடி தள்ளிக்கொண்டே இருந்தால் ஒட்டுவது தானாக விலகும். அதன்பின் வெண்ணெயைச் சேர்த்து இன்னும் 10 நிமிடம். ஓர் எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, இரு கை விரல்களாலும் மெதுவாக விரித்துப் பார்க்க வேண்டும். கிழியாமல் மெல்லிய தோலாக விரிந்து, சன்னலுக்கு நேரே பிடித்தால் விரல் நிழல் மறுபக்கம் தெரிந்தால் பிசைந்தது போதும். சாண்ட்விச் ரொட்டிக்கு இந்தச் சோதனை மிக அவசியம். கறியில் தொட்டுச் சாப்பிடும் ரொட்டி கொஞ்சம் முரடாக இருந்தாலும் பாதகமில்லை; நடுவில் சார்டினோ முட்டையோ வைத்து, பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோய் இடைவேளையில் சாப்பிடும்வரை உடையாமல் தாங்க வேண்டிய ரொட்டிக்கு நெருங்கிய, சீரான கண்கள், அதாவது சிறு துளைகள், வேண்டும். அவை இந்தப் பிசைதலில்தான் பிறக்கின்றன.

மூடிவைத்த மாவு எங்கள் ஊர்ச் சூட்டில் 45 முதல் 50 நிமிடத்தில் இரட்டிப்பாகிறது. கடிகாரத்தை நம்ப வேண்டாம். விரலை நீரில் நனைத்து மாவில் குத்திப் பார்க்க வேண்டும். குழி அப்படியே நின்றால் தயார். உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். மொத்த மாவும் அமிழ்ந்தால் நேரம் கடந்துவிட்டது. அப்போதும் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, காற்றை நீக்கித் தட்டையாக விரித்து, எண்ணெய் தடவிய தட்டில் வைத்து, மேலே சாம்பால் என்ற மிளகாய் விழுதும் வெங்காயமும் தூவிச் சுட்டுச் சாப்பிடலாம். தயாரான மாவை மெல்ல அமுக்கிக் காற்றை நீக்கி, குழவிக் கட்டையால் டின்னின் அகலத்துக்கு நீள்சதுரமாகத் தேய்த்து, இறுக்கமாகச் சுருட்டி, சுருளின் இணைப்பு அடியில் இருக்கும்படி எண்ணெய் தடவிய டின்னில் வைக்க வேண்டும். 23 செண்டிமீட்டர் நீளமுள்ள பெரிய டின் ஒன்றுக்கு இந்த மாவு சரியாக இருக்கும். கடை ரொட்டி போலச் சதுரமாக வேண்டுமென்றால் மூடியுள்ள 20 செண்டிமீட்டர் டின் இரண்டில் பாதி பாதியாகப் போடலாம். சுருட்டும்போது உள்ளே காற்று நின்றுவிட்டால் அது வெந்தபின் ஓட்டையாகத் தெரியும், ரொட்டியில் தடவிய காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் அந்த ஓட்டை வழியாகச் சட்டையில் சொட்டும். இரண்டாவது முறை பொங்க இங்கே 35 முதல் 45 நிமிடம் ஆகிறது. மூடியில்லாத டின்னில் மாவு விளிம்புக்கு மேல் இரண்டு விரற்கடை எழுந்ததும், மூடியுள்ளதில் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே இருக்கும்போதே ஓவனுக்குள் போக வேண்டும். ஓவனுக்குள் அது இன்னும் ஒருமுறை எழும்பும். அதற்கான வலுவை மிச்சம் வைத்துக்கொண்டுதான் உள்ளே அனுப்ப வேண்டும்.

ஓவன் முன்பே 15 நிமிடமாவது சூடேறியிருக்க வேண்டும். மூடியில்லாத பெரிய டின்னுக்கு 190 பாகையில் 35 நிமிடம், மூடியுள்ள சிறு டின்களுக்கு 200 பாகையில் ஏறத்தாழ அதே நேரம். நம் வீடுகளில் மேசைமேல் வைக்கும் சிறு மின் ஓவன்தான் அதிகம். மேல்கம்பி ரொட்டிக்கு மிக அருகில் இருப்பதால், 20 நிமிடத்தில் மேல்தோல் நிறம் பிடித்ததும் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்திவிட வேண்டும். வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. டின்னிலிருந்து கவிழ்த்து அடியைத் தட்டினால் உள்ளே ஒன்றுமில்லாததுபோல் ஒலிக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 93 பாகைக்கு மேல் காட்ட வேண்டும். உடனே டின்னிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் வைக்காவிட்டால் ஆவி உள்ளேயே தங்கி பக்கங்கள் சுருங்கும். சூடாக அறுக்கவும் கூடாது. உள்ளே மாச்சத்து இன்னும் இறுகிக்கொண்டிருக்கும் வேளை அது. கத்தி பட்டால் கண்கள் நசுங்கி, பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களின் முகம் வாடுகிறது. அவர்களுக்காகவே சிறிது மாவை எடுத்து உருண்டைகளாகச் சுட்டுக் கொடுத்துவிடுகிறேன். உருண்டையைச் சூடாகப் பிய்த்துத் தின்பதில் தவறில்லை.

கடை ரொட்டியைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. பெரட்டு எனப்படும் விடியற்காலைத் தோட்டப் பெயர்ப்பதிவுக்குப் போகும் முன் வரக்கோப்பியில் ரொட்டியைத் தொட்டுப் பசியாறிய தலைமுறை நம்முடையது. மோட்டார் சைக்கிளில் ரொட்டிப் பொட்டலங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும் ரொட்டிக்காரரின் ஹாரன் சத்தம் இன்றும் எங்கள் தெருவில் கேட்கிறது. பொட்டல ரொட்டியில் சேர்க்கும் கால்சியம் புரோபியோனேட் என்ற பூஞ்சணத் தடுப்பி நஞ்சு என்று சிலர் பரப்புவது சரியல்ல. 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகளின் கீழ் உரிய அளவில் அனுமதிக்கப்பட்ட பொருள் அது. ஆலையிலிருந்து கிளம்பி நம் ஈரக்காற்றில் நாட்கணக்கில் தாங்க வேண்டிய ரொட்டிக்கு அது தேவைப்படுகிறது. வீட்டு ரொட்டிக்கு அந்தத் தேவை இல்லை, ஆகவே அந்த ஆயுளும் இல்லை. இரண்டு நாள் வெளியில் இருக்கலாம், மூன்றாம் நாள் பூஞ்சணம் பூக்கத் தொடங்கும். ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் பூஞ்சணம் தள்ளிப்போகும், ஆனால் அந்தக் குளிரில்தான் மாச்சத்து மிக விரைவாக இறுகி ரொட்டி காய்ந்து போகிறது. அறுத்த துண்டுகளைப் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துச் சட்டியில் வாட்டிக்கொள்வதே சரி. காசு பெரிதாக மிச்சமாகும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1500 வாட் ஓவன் முன்சூட்டையும் சேர்த்து 50 நிமிடம் ஓடினால் அதிகம் போனால் ஒன்றே கால் யூனிட் மின்சாரம் ஆகும். மாவு, வெண்ணெய், பால்மாவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் கடை விலைக்கு ஓரளவு கீழே நிற்கும், அவ்வளவுதான். வீட்டில் சுடுவதன் உண்மையான பயன், என்ன போடுகிறோம் என்பது நம் கையில் இருப்பது.

அந்தப் பயன் நம் சமூகத்துக்குச் சிறிதல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். வீட்டில் செய்தது என்பதாலேயே வெள்ளை ரொட்டி நீரிழிவுக்காரருக்கு நல்லதாகிவிடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் வகுப்புக்கு வருகிறவர்களில் சிலர் அப்படி நம்பிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் சீனியை 30 கிராமிலிருந்து 10 கிராமாகக் குறைக்க வீட்டில் முடியும், ரொட்டி நன்றாகவே எழும்பும். மாவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டாவைச் சேர்க்கவும் முடியும். ஆட்டாவின் தவிடு நீரை அதிகம் இழுக்கும் என்பதால் 20 மில்லி நீரைக் கூட்டி, எல்லாவற்றையும் கலந்தபின் 20 நிமிடம் சும்மா விட்டுப் பிசைந்தால் ரொட்டி காய்ந்து உதிராது. முழுவதும் ஆட்டாவில் செய்ய வேண்டும் என்று முதல் நாளே ஆசைப்படுகிறவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன். தவிடு பிசினை அறுப்பதால் அது கனத்த ரொட்டியாக வரும், சாண்ட்விச்சுக்கு வளையாது.

தொழிற்சாலையில் மாறுநேர வேலை பார்க்கும் பெண்களுக்கு இத்தனை நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுக்கு ஐஸ்பெட்டியே துணை. ஈஸ்ட்டை 3 கிராமாகக் குறைத்து, முழுவதும் குளிர்நீரில் பிசைந்து, 20 நிமிடம் வெளியில் விட்டு, மூடியுள்ள பாத்திரத்தில் ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டால் 8 முதல் 12 மணி நேரம் அது தன்பாட்டில் மெல்லப் பொங்கும். இரவு வேலைக்குப் பேருந்து ஏறும் முன் பிசைந்து வைத்துவிட்டு, காலையில் திரும்பி வந்து சுருட்டி டின்னில் போட்டு, குளித்துச் சாமி கும்பிட்டு முடிக்கும்வரையில் ஒன்றரை மணி நேரம் விட்டுச் சுடலாம். குளிரில் மெதுவாகப் புளித்த மாவுக்கு மணம் கூடுதலாகவே இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் நம் தட்பவெப்பத்துக்கு இதுவே மிகப் பொருத்தமான முறை. இதை ஒரு தமிழ்ச் செய்முறையிலும் நான் இதுவரை கண்டதில்லை.

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் குடியிருக்கும் என் உறவினர் ஒருவர், தங்கள் மலரில் வந்த அதே செய்முறையை வைத்து நல்ல ரொட்டி சுட்டிருக்கிறார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் விடியற்காலையில் 17, 18 பாகை. அங்கே வெதுவெதுப்பான நீரும் பொருந்தும், 2 மணி நேரமும் பொருந்தும். ஆக, செய்முறை எந்தச் சூட்டுக்கு எழுதப்பட்டது என்ற ஒரு வரி அதில் இல்லாததுதான் குறை. ஈப்போவிலிருந்து மலையேறும் அந்தச் சில மணி நேரப் பாதையிலேயே ஒரே மாவின் பொங்கும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிடுகிறது என்றால், கடல் தாண்டி வந்த கணக்கை நாம் எப்படி அப்படியே ஏற்பது?

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இவை. சமையல் பகுதியில் ரொட்டி, பன் போன்ற புளிக்க வைக்கும் பண்டங்களை வெளியிடும்போது மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றைக் கிராமிலும் மில்லியிலும் தர வேண்டும். செய்முறையை அனுப்புகிறவர் அதை நம் நாட்டில், எந்த ஊரில், எந்த வேளையில் செய்து பார்த்தார் என்பதைக் கேட்டு வாங்கி ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். மாவு இரட்டிப்பாக எவ்வளவு நேரம் என்று மட்டும் எழுதாமல், இரட்டிப்பானதை எப்படிக் கண்டுகொள்வது என்பதையும் எழுத வேண்டும். இடம் போதாது என்றால் படத்தைச் சிறிதாக்கலாம்.

வாசகர்களிடமும் ஓர் உதவி கேட்கிறேன். கெடாவின் வறண்ட மாதங்களில், ஜொகூரின் மழைக்காலத்தில், கேமரன் மலையில் என்று அவரவர் சமையலறையில் மேற்சொன்ன 500 கிராம் மாவு முதல்முறை இரட்டிப்பாக எத்தனை நிமிடம் எடுத்தது என்பதை, அந்நேரத்து அறை வெப்பநிலையோடு ஒரு சிறு குறிப்பாக இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்பினால், அவற்றைத் தொகுத்து ஊர்வாரியாக ஓர் அட்டவணை தயாரித்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். சுவரில் வெப்பமானி இல்லாதவர்கள் கைப்பேசி காட்டும் ஊர் வெப்பநிலையையே எழுதலாம், காலையா பிற்பகலா என்பதை மட்டும் மறவாமல் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.